துடக்கு வீட்டில் ஒரு புத்தக றாக்கை

என் தங்கை கஜந்தினியை யாராவது நல்லவள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவள் நல்லவள்தான், அது எனக்கும் தெரியும். ஆனால் சொல்பவர்கள் எதற்காகச் சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எதைக் கேட்டாலும் கொடுப்பாள், எங்கே தள்ளினாலும் தள்ளிப் போவாள், அதற்குத்தான் அந்தப் பட்டம். எனக்கு அப்படி ஒரு பட்டமும் கிடைத்ததில்லை. நான் தொண்டைமானாற்றில் வாழ்க்கைப்பட்டவள். எனக்கு வாய் நீளம் என்று புகுந்த வீட்டிலும் சொல்வார்கள், பிறந்த வீட்டிலும் சொல்வார்கள்.

கஜந்தினி அச்சுவேலிக்கு வாழ்க்கைப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறாள். நகை, சேலை என்று அவள் ஆசைப்பட்டு நான் கண்டதில்லை. புத்தகம் என்றால் மட்டும் கை சும்மா இராது. கலியாணம் முடித்துப் போன அன்று அவளுடைய உடுப்பு ஒரு சூட்கேசுக்குள் அடங்கிவிட்டது. புத்தகங்கள் பிஸ்கற் பெட்டிகளில், பட்டா என்கிற சின்னச் சரக்கு வாகனத்தின் பின்பக்கம் நிறையப் போயின.

அந்த வீட்டில் அவற்றை வைக்க இடம் இருக்கவில்லை. விறாந்தையைத் தாண்டினால் ஹோல். ஹோலில் ஒரு கண்ணாடி அலுமாரி, அது நிறைய ஒருவரும் தேநீர் குடிக்காத கோப்பைகளும் வெளிநாட்டில் இருந்து வந்த பொம்மைகளும். படுக்கையறையில் கட்டிலும் உடுப்பு அலுமாரியும் அவளுடைய கணவன் பிரகலாதனின் மேசையும். ஆகவே பெட்டிகள் கட்டிலுக்குக் கீழே போயின. மிச்சம் அரிசி மூட்டை வைக்கிற அறைக்குள் போனது. வகுப்புக்கு ஒரு புத்தகம் வேண்டுமென்றால் அவள் நிலத்தில் குப்புறப்படுத்து ஒவ்வொரு பெட்டியாக இழுக்க வேண்டும். ஒருநாள் நான் போனபோது அவளுடைய கால்கள் இரண்டு மட்டும் கட்டிலுக்கு வெளியே தெரிந்தன. நான் சிரிக்கவில்லை. ஒரு ரீச்சர் தன் வீட்டில் எலி மாதிரிக் கட்டிலுக்குக் கீழே புகுந்து திரிவதைப் பார்த்தால் யாருக்குச் சிரிப்பு வரும்?

வந்த முதல் வருடமே அவள் ஒரு புத்தக அலுமாரி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாள். அவளுடைய மாமனார் முருகேசு தடுத்துவிட்டார்.

"கடைச்சாமான் நிக்காது பிள்ளை. உமியையும் பசையையும் அமத்திப்போட்டுப் பலகையெண்டு விக்கிறாங்கள். வளவுக்கை வேம்பு நிக்குதெல்லே, அதைத் தறிச்சு நாங்களே செய்விப்பம். உன்ரை பேரப்பிள்ளையளும் அதிலை புத்தகம் வைக்கலாம்."

மாமாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விடியமுதல் எழும்பித் தோட்டத்துக்குப் போகிற மனிதர். மருமகளை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் அந்த வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவர்தான் நாள் பார்க்க வேண்டும், அவர்தான் இடம் காட்ட வேண்டும்.

வேம்பைத் தறித்தார்கள். மரக்காலைக்குக் கொண்டுபோய் அரிந்து, பலகைகளைக் கொட்டிலில் அடுக்கிக் காயவிட்டார்கள். காய்ந்து முடிய, பிரகலாதனின் தங்கை தயாளினிக்குக் கலியாணம் சரிவந்தது. நல்ல பலகையெல்லாம் கட்டிலாகிச் சீதனத்தோடு போனது. பிறகு குசினிக் கதவு உக்கிவிட்டது என்று இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள். மிஞ்சிய பலகைகளை வெங்காயக் கொட்டிலில் தட்டாக அடித்துவிட்டார் மாமா. அப்போது கஜந்தினி கிட்டப்போய் நின்றாளாம். அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னாராம்:

"வெங்காயம் கீழை கிடந்தா அழுகிப்போம் பிள்ளை. உன்ரை புத்தகம் அழுகாதுதானே. அடுத்த மரத்திலை பாப்பம்."

"நீ என்னடி சொன்னனீ?" என்று கேட்டேன்.

"ஓம் மாமா எண்டனான்."

பிரகலாதனிடம் கேட்டால் "பாப்பம் அக்கா" என்பார். கமநல நிலையத்தில் வேலை. நல்ல மனிதர், அவரும்! அவருடைய "பாப்பம்" என்ற சொல்லை நம்பி ஒரு வாழைக்குட்டி நட்டிருந்தால் அது குலை தள்ளி, குட்டி போட்டு, அந்தக் குட்டியும் குலை தள்ளியிருக்கும்.

போன புரட்டாதியில் கட்டிலுக்குக் கீழே இருந்த ஒரு பெட்டியை இழுத்திருக்கிறாள். மூடி மட்டும் கையோடு வந்தது. உள்ளே கறையான் மண். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் பகல் சாப்பாட்டை விட்டுவிட்டு வாங்கிய புத்தகங்கள் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. தொலைபேசியில் எனக்குச் சொல்லும்போதுகூட அவள் சத்தம் போட்டு அழவில்லை. "அக்கா, ஒரு பெட்டி போச்சுது" என்றாள். நான்தான் இந்தப் பக்கத்தில் நின்று கத்தினேன். மற்றப் பெட்டிகளும் போவதற்கிடையில் வெளிக்கிடு என்றேன். சனிக்கிழமை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன்.

தளபாடக் கடையில் நான் கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலுமாரி ஒன்றைக் காட்டினேன். அவளுக்குக் கதவு வேண்டாம். "கையை நீட்டினாப் புத்தகம் வரவேணும்" என்றாள். கபில நிறத்தில், அவளுடைய உயரத்துக்குச் சற்றுக் கூடிய ஒன்றின் முன்னால் போய் நின்றாள். கைப்பையை ஒரு தட்டில் வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மற்றத் தட்டில் வைத்துப் பார்த்தாள். கடைக்காரப் பெடியன் என்னைப் பார்த்து விழித்தான். அவளுடைய கலியாணத்தன்றும் அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. பிரகலாதன் குறை நினைக்கக் கூடாது, உள்ளதைச் சொல்கிறேன். திங்கட்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் கனடாவில் நாகலிங்கம் என்பவர் செத்துப்போனார்.

மாமாவின் சித்தப்பா மகன்தான் நாகலிங்கம். கஜந்தினி அவரைக் கண்டதே இல்லை. எல்லை வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டார் என்று மாமாவுக்கும் அவருக்கும் சண்டை. அதற்குப் பிறகு அவர் வெளிநாடு போய், கிழவராகி, பேரப்பிள்ளை கண்டு, நோயில் விழுந்தது வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. உயிரோடு இருக்கும்வரை பேசாத மனிதர் செத்தவுடன் துடக்குக்காரர் ஆகிவிட்டார். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் இல்லை, நல்ல காரியம் இல்லை, புதுச் சாமான் எதுவும் வீட்டுக்குள் ஏறக்கூடாது. வெளிநாட்டுச் சாவுக்கு இப்போது பலரும் இவ்வளவு கடுமையாகக் காப்பதில்லை. ஆனால் மாமா காப்பார்.

பின்னேரம் கடைக்காரரின் பட்டா வாகனம் வந்து படலையில் நின்றது. கஜந்தினி அழைக்க நான் ஸ்கூட்டியில் பறந்து போனேன். நான் போய்ச் சேர, அலுமாரியைச் சுமந்து வந்தவர்கள் அதை முற்றத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். முற்றத்து மணலில் அது தன்னந்தனியாக நின்றது. மாமா படியில் நின்றார்.

"துடக்கு வீட்டுக்கை புதுச்சாமான் ஏத்தேலாது பிள்ளை. முடியட்டும், நானே நாள் பாத்து ஏத்துவிக்கிறன்."

"அப்ப விறாந்தையிலை எண்டாலும் வைப்பம் மாமா" என்று நான் கேட்டேன்.

"விறாந்தையும் வீடுதானே. ஒரே கூரை."

"மழை வரப்போகுதெல்லே?"

"தறப்பாள் கிடக்குது. மூடிவிடுவம்."

நான் தங்கையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனேன். "நான் ஒரு வாகனம் பிடிச்சு எங்கடை வீட்டை கொண்டு போறன். துடக்கு முடியத் திருப்பிக் கொண்டு வாறன். எங்களுக்குத் துடக்கு இல்லைத்தானே" என்றேன். நல்ல யோசனை இல்லையா? யாராவது சொல்லட்டும், இதில் என்ன பிழை என்று. ஆனால் அவள் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் அக்கா. வாசல் வரைக்கும் வந்த சாமானைத் திருப்பி அனுப்பினா மாமா மனம் நொந்துபோவார். சனமும் ஒருமாதிரிக் கதைக்கும். ஒரு மாதந்தானே."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நான்கு பேரைப் பிடித்து அலுமாரியைக் கிணற்றடிப் பக்கம் இருந்த மாமரத்தின் கீழ் வைத்து, தறப்பாளால் மூடி, கயிறு போட்டுக் கட்டினார்கள். பிரகலாதன் கயிற்றை இழுத்துப் பார்த்து, "ஒண்டும் செய்யாது அக்கா" என்றார்.

மழை அந்தக் கிழமையே தொடங்கியது. ஐப்பசி மழைக்குத் தறப்பாள் எம்மாத்திரம்? காற்று ஒரு மூலையைக் கிளப்பிவிடும், கஜந்தினி குடையோடு போய்க் கட்டுவாள். பள்ளிக்கூடத்தால் வர மற்ற மூலை கிளம்பியிருக்கும். ஒருநாள் வீடியோ அழைப்பில் எனக்குக் காட்டினாள். கீழ்த்தட்டு தண்ணீர் குடித்து ரொட்டி மாதிரிப் பொருமியிருந்தது. விரலால் அமத்தினால் குழி விழுந்தது.

"மாமாவைக் கூப்பிட்டுக் காட்டு" என்றேன்.

"காட்டினனான்."

"என்ன சொன்னவர்?"

"உமியும் பசையும் எண்டு தான் அப்பவே சொன்னதாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மழைக்குள் வைத்தது யார்? வைத்துவிட்டு, நனைந்ததும் கடைச்சாமானில் குற்றம் கண்டுபிடிக்கிற கெட்டித்தனத்தை என்னவென்று சொல்ல? அவரோடு நேரே பேசலாம் என்று வெளிக்கிட்டேன். அக்கா வரவேண்டாம் என்று கஜந்தினி கெஞ்சினாள். இவ்வளவுக்குப் பிறகும் கெஞ்சினாள்.

ஆனால் அந்தக் கிழமைதான் அவளுக்குள் ஏதோ திரும்பியிருக்கிறது. மாரியில் வெங்காயக் கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போய் அந்தத் தட்டுகளைக் கழற்றத் தொடங்கினாள். அவளுக்கென்று தறித்த வேம்பில் மிஞ்சிய அதே பலகைகள். மாமா ஓடிவந்தார்.

"என்ன பிள்ளை செய்யிறாய்? துடக்குக்கை மரவேலையோ?"

"புதுச்சாமான்தானே ஏத்தக்கூடாது மாமா. இது வீட்டுச் சாமான். அஞ்சாறு வருசமா இஞ்சைதான் கிடக்குது."

மாமா யோசித்தாராம். சாத்திரத்தில் அதற்கு ஒரு தடை கிடைக்குமா என்று தேடியிருப்பார். கிடைக்கவில்லை. "ஏதோ செய்" என்றுவிட்டுப் போய்விட்டார். மாமி நாகேஸ்வரி குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாராம். அந்த வீட்டில் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

இதைக் கேள்விப்பட்டதும் எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. துடக்கு வீட்டுக்குச் சமைத்த சாப்பாடு கொண்டுபோகலாம்தானே. அடுக்குச் சட்டியின் மேல்தட்டில் சோறு, நடுத்தட்டில் கறி, அடித்தட்டில் ஒரு பை புது ஆணி. அவள் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினாள்.

"கொண்டு போங்கோ அக்கா. ஆணி புதுசு. மாமா கண்டாரெண்டா முழுவேலையும் பிழைச்சுப்போம்."

"அப்ப எதாலை அடிக்கப் போறாய்? ஒட்டுறதுக்குச் சோத்துப் பருக்கையோ?"

கொட்டில் பலகையில் இருந்து பிடுங்கிய துருப்பிடித்த ஆணிகளைக் காட்டினாள். கிணற்றுக் கட்டில் வைத்து ஒவ்வொன்றாகத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டு விரல்களில் துணி சுற்றியிருந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இவ்வளவு பாடுபடத் தெரிந்தவளுக்கு வாயைத் திறக்க ஏன் தெரியாமல் போனது? தமிழ் படிப்பிக்கிறவள்! பிள்ளைகளுக்கு விவாதப் போட்டிக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கிறவள்!

மாமாவின் வாளை எடுத்து அறுத்தாள். யூரியூப்பைப் பார்த்து அறுத்தாள் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வீட்டில் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிரகலாதன் பலகையைப் பிடித்தார். பிடிக்கும்போதும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு தட்டு சரிவாகப் போனது. வேம்பு காய்ந்து இரும்பாகியிருந்தது. ஆணி இறங்காமல் மறுபடி வளையும். மறுபடி நிமிர்த்துவாள். பள்ளிக்கூடத்தால் வந்து தேநீர் குடித்துவிட்டு இருட்டும்வரை இதே வேலை. எழுதுகிற கைக்கு எரிகிறது என்று கரும்பலகையில் எழுதுவதைக் குறைத்துக்கொண்டாளாம்.

முடிந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். புத்தக றாக்கை ஹோலின் மூலையில் நின்றது. வடிவு என்று பொய் சொல்ல மாட்டேன். இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, அடியில் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தது. ஒரு தட்டுக்கும் மற்றத் தட்டுக்கும் இடையில் உயரம் ஒத்துவரவில்லை. கிட்டப் போனால் வெங்காய மணம். ஆனால் புத்தகங்கள் நின்றன. எல்லாம் நின்றன. முதுகு தெரிய, பெயர் தெரிய, வரிசையாக நின்றன. அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அதற்கு முன்னால் இருந்தாள். வாசிக்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிஞ்சு நிக்குது" என்றேன், என்னுடைய வாய் சும்மா இருக்காதே.

"நிக்கட்டும் அக்கா. என்ரைதானே" என்றாள்.

துடக்கு முடிகிற நாள் வந்தது. ஐயர் வந்து புண்ணியாகவாசனம் செய்து தண்ணீர் தெளித்தார். அன்று பகல் சொந்தக்காரருக்குச் சாப்பாடு. நானும் கணவரோடு போயிருந்தேன். சாப்பாட்டுக்கு முன்னரே மாமா நல்லநேரம் பார்த்து, மாமரத்தடியில் நின்ற கடை அலுமாரியை ஏற்றுவிக்கப் போனார். நாலு பேர் பிடித்துத் தூக்கினார்கள். பக்கப் பலகை இரண்டும் கையோடு வந்தன, அடிப்பலகை அங்கேயே சேற்றில் கிடந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

"நான் சொன்னனானெல்லே? கடைச்சாமான் நிக்காது" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். பிறகு ஹோலுக்குள் கூட்டிக்கொண்டு போய் றாக்கையைக் காட்டினார். "இது எங்கடை வளவு வேம்பு. எங்கடை வீட்டிலையே அடிச்சது" என்றார். எங்கடை! நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் ஒருவர் நாகலிங்கத்தின் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கனடாவில் இருந்து பிள்ளைகள் அனுப்பியதை அச்சுவேலிச் சந்தியில் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். மாமா அதை இரண்டு கையாலும் வாங்கினார். ஹோலைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடி அலுமாரி பொம்மைகளால் நிறைந்திருந்தது. றாக்கையின் நடுத்தட்டு கண்ணுக்கு நேரான உயரத்தில் இருந்தது.

"இதுதான் நல்ல இடம்" என்றார். "பிரகலாதா, உந்தப் புத்தகங்களை எடுத்து ஒரு பெட்டிக்கை போடு. படத்தை வைச்சு விளக்கேத்துவம்."

பிரகலாதன் ஒரு நிமிடம் கஜந்தினியைப் பார்த்தார். பிறகு குனிந்து நடுத்தட்டுப் புத்தகங்களை அள்ளித் தரையில் வைத்தார். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்கிடையில் என் பக்கத்தில் நின்றவள் முன்னால் போய்விட்டாள்.

"மாமா, அதிலை வைக்காதேங்கோ."

சாப்பாட்டுக்குக் கைகழுவப் போனவர்களும் வாசலில் நின்றுவிட்டார்கள்.

"என்ன பிள்ளை, செத்த மனிசன். ஒரு படந்தானே" என்றார் மாமா.

"ஒரு படந்தான் மாமா. கட்டிலாலை போச்சுது, கதவாலை போச்சுது, வெங்காயத்தாலை போச்சுது. எல்லாத்துக்கும் ஓம் மாமா எண்டனான். செத்தவருக்கு இந்த வீட்டிலை இடம் குடுக்கத்தான் வேணும். நான் உயிரோடை இருக்கிறன். எனக்கும் இடம் வேணும். இது புத்தகத்துக்கு நான் அடிச்சது, மாமா. இதிலை வேறை ஒண்டும் வைக்க விடமாட்டன்."

குரலை உயர்த்தவில்லை. ஆணி நிமிர்த்திய விரல்களில் காயம் இன்னும் ஆறவில்லை. அவள் தரையில் இருந்து புத்தகங்களை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்கினாள். பிரகலாதன் உதவிக்குக் கை நீட்டினார். அவள் அவருடைய கையில் இருந்த ஒன்றையும் வாங்கிக்கொண்டாள். நடுத்தட்டு நிறைந்தது.

மாமா படத்தை நெஞ்சோடு பிடித்தபடி ஹோலின் நடுவில் நின்றார். சுவரைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், கண்ணாடி அலுமாரியைப் பார்த்தார். கையில் ஒன்றை வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், தன் வீட்டுக்குள்ளேயே அவர் நின்றார். என் தங்கை அந்த வீட்டில் பதினொரு வருடம் அப்படி நின்றவள்.